மன்னார் வளைகுடாத் தீவுப் பாசிக்கு எந்தக் கட்டுப்பாடு? ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை வரிசையாக 21 தீவுகள். 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. பூங்காவின் பரப்பு 560 சதுர கிலோமீட்டர். அவற்றில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இப்போது நீருக்கடியில். மற்ற தீவுகளைச் சுற்றிய பார்களில் (கடலடிப் பவளப் பாறைத் திட்டுகளில்) ராமநாதபுரம் மாவட்டக் கரையோரப் பெண்கள் பூங்கா வருவதற்கு முன்பிருந்தே பாசி எடுத்து வருகிறார்கள். சட்டப்படி கூடாது. ஆனால் தொழில் நிற்கவில்லை.

எனவே ஊர்க் கூட்டங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. முழுக்க மூடுவதா, நாளைக் குறைப்பதா, இடத்தை மாற்றிக்கொண்டே போவதா, எடைக்கு வரம்பு போடுவதா, பாசி வளர்ப்புக்கு மாறுவதா? எல்லா வழிக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் என்ன செலவு, எங்கே ஓட்டை என்பதைத்தான் யாரும் சேர்த்துவைத்துப் பேசுவதில்லை.

எடுக்கப்படும் பாசி நான்கு வகை. மரிக்கொழுந்தும் (ஜெலிடியெல்லா) கஞ்சிப் பாசியும் (கிராசிலேரியா) அகார் என்ற கூழ்ப்பொருள் எடுக்கும் ஆலைக்குப் போகும். கட்டக்கோரையும் (சர்காசம்) பக்கோடாப் பாசியும் (டர்பினேரியா) ஆல்ஜினேட் என்ற இன்னொரு கூழ்ப்பொருள் எடுக்கப் போகும். நான்கும் வளரும் விதமும் விலையும் வேறு வேறு. ஒரே விதி நான்குக்கும் பொருந்தும் என்று தொடங்கும் எந்தத் திட்டமும் பாதி வழியில் நின்றுவிடும்.

## எதை வைத்து அளப்பது

அடி மிஞ்சுமா? பாசி கல்லைப் பற்றியிருக்கும் அடிப்பகுதி இருந்தால்தான் மறுபடி தளிர்க்கும். தலையை மட்டும் கிள்ளினால் சில மாதங்களில் மீளும். சுரண்டியால் வழித்தால் அடியோடு பவளக் கல்லும் பெயர்ந்து வரும். அந்த இடத்தில் புதிய பாசி விதைத்துகளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மீறினால் கண்ணில் படுமா? கரையில் நிற்பவருக்குத் தெரியாத மீறலைத் தடுக்க முடியாது. ஐந்து அளவுகோல்களில் நாங்கள் கூடுதல் எடை கொடுப்பது இதற்குத்தான்.

இழப்பு யார் தலையில்? எடுக்கும் பெண்ணா, படகுக்காரரா, வியாபாரியா?

சட்டம் இடம் தருகிறதா? வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் 35(6)-ஆம் பிரிவு கடுமையானது. பூங்காவிலிருந்து எதை எடுப்பதற்கும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். அங்குள்ள வன உயிரின நலனுக்கு அது தேவை என்று தேசிய வன உயிரின வாரியத்தைக் கலந்து மாநில அரசு முடிவு செய்தால்தான் அந்த அனுமதியே கிடைக்கும். அப்படி எடுத்த விளைபொருளும் சுற்றுவட்டார மக்களின் சொந்தத் தேவைக்கு மட்டுமே, வணிகத்துக்கு அல்ல. ஆலைக்கு விற்கும் பாசி இந்த வாசலில் நுழையவே முடியாது.

கடல் மாறினால் விதியும் மாறுமா? 2016 கோடையில் கடல் நீர் சூடாகி இங்கே பவளம் பெருமளவில் வெளுத்தது. அப்படியோர் ஆண்டிலும் பழைய விதியையே பிடித்துக்கொண்டிருந்தால் மிச்சமிருப்பதும் போகும்.

## முழுத் தடை

இன்று ஏட்டில் இருப்பது இதுதான். பவளம் மீண்டு வரும் பார்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. பாசி எடுக்கும் கை நிதானமாக இருந்தாலும், பாரில் ஊன்றும் கால் கிளைப் பவளத்தை முறிக்கும்.

சிக்கல் எல்லைக் கோட்டில் தொடங்குகிறது. தீவுகளைச் சுற்றிப் பூங்காவின் எல்லை ஆழத்தால் வகுக்கப்பட்டது. கரைப் பக்கம் மூன்றரைப் பாகம், கடல் பக்கம் ஐந்து பாகம் (ஒரு பாகம் ஆறு அடி). மீட்டர் கணக்கில் சுமார் 6.4, 9.1. மூச்சடக்கி முங்கிக் கையால் எடுக்கும் ஆழம் முழுக்க இதற்குள் அடங்கிவிடுகிறது. தீவைச் சுற்றித் தடை என்றால் தீவுப் பாசி மொத்தத்துக்கும் தடை என்றுதான் பொருள்.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. பிடிபடுவோம் என்ற பயம் இருக்கும்போது வேலை அவசரமாகும். அவசரத்தில் கிள்ள நேரமில்லை, பிடுங்கத்தான் நேரம். அடுத்தது விலை. சட்டத்துக்குப் புறம்பான சரக்கு என்பதால் வியாபாரி சொன்னதுதான் விலை, யாரிடமும் முறையிட முடியாது. மூன்றாவது செலவைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பாரை நாள்தோறும் பார்க்கும் கண்கள் இந்தப் பெண்களுடையவை. தீவுக்கு அருகே விசைப்படகு வந்து மடிவலை இழுத்தாலும், மீனுக்கு வேட்டு வெடித்தாலும் முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். தடைக்கு அஞ்சி ஒளிந்து வருபவர் வனத்துறைக்குத் தகவல் சொல்ல மாட்டார்.

ஒரு தீவில் குறிப்பிட்ட பவளத் திட்டுகளை மட்டும் மூடவும், வெளுப்பு ஆண்டில் தற்காலிகமாக மூடவும் ஏற்ற வழி. 21 தீவுக்கும் ஒரேயடியாகப் போட்டால் காகிதத்தில்தான் நிற்கும்.

## நாள் கணக்கு

பெண்கள் தாங்களே போட்டுக்கொண்ட விதி இது. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், ஆக மாதத்தில் 12 நாள் மட்டும் இறங்குவது. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தை ஒட்டி 45 நாள் பாசிக்கும் ஓய்வு. இரும்புச் சுரண்டி கூடாது, கை மட்டும்தான். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பை கட்டி இறங்குகிறார்கள். பாசி எடுக்கும் பெண்களின் கூட்டமைப்பை வழிநடத்திய பாம்பன் அருகிலுள்ள சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-ல், தீவுச் சூழல் காக்கும் சீகாலஜி அமைப்பின் விருது கிடைத்தபோதுதான் வெளியுலகம் இதைக் கவனித்தது.

இதன் பெரிய பலம், மீறல் ஒளியாது. தவறான நாளில் படகு கிளம்பினால் ஊருக்கே தெரியும். ரோந்து தேவையில்லை, கருவி தேவையில்லை, காலண்டர் போதும்.

ஆனால் இந்த எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. 30-ல் 12 நாள் என்றால் அறுவடை அறுபது சதவீதம் குறைந்துவிட்டது என்று சில அறிக்கைகள் எழுதுகின்றன. அது தவறு. அமாவாசை, பௌர்ணமி நாட்களில்தான் கடல் நன்றாக வற்றும், பார் மேலே தெரியும், எடுப்பதும் சுலபம். விட்டுக்கொடுத்த 18 நாட்கள் எப்படியும் குறைவாகக் கிடைக்கும் நாட்கள். உண்மையான குறைப்பு அந்த எண் காட்டுவதைவிடச் சிறியது. அதோடு, நாளுக்கு வரம்பு உண்டு, ஆளுக்கு வரம்பு இல்லை. 12 நாளும் இரண்டு மடங்கு பேர் இறங்கினால் பாருக்கு ஒரு லாபமும் கிடையாது.

ஓய்வுக் காலத்தையும் இனவாரியாகப் பார்க்க வேண்டும். மரிக்கொழுந்து ஆண்டு முழுக்க எடுக்கப்படுவது. கட்டக்கோரை ஆண்டின் பிற்பாதியில்தான் திரண்டு நிற்கும். ஏப்ரல் ஓய்வால் கட்டக்கோரைக்குப் பெரிய பலன் இல்லை. அப்படியிருந்தும் அந்த ஓய்வை நகர்த்தக் கூடாது என்பதே எங்கள் கருத்து. கடல் நீர் கடுமையாகச் சூடாகிப் பவளம் வெளுக்கும் மாதங்கள் அவை. அந்த நேரத்தில் பாரில் கால் படாமல் இருப்பதே பெரிய உதவி. கட்டக்கோரைக்குத் தனியாக, பருவத்தின் முதல் அமாவாசை ஆறு நாளை மட்டும் தள்ளிவைத்து, செடி முதிர்ந்து விதைத்துகள் விழ இடம் கொடுக்கலாம்.

மறைவான செலவு ஓய்வு நாட்களின் கூலி. தடைக்கால நிவாரணம் மீனவர் பதிவை வைத்துத்தான் வருகிறது. பாசி எடுக்கும் பெண்ணின் பெயர் அந்தப் பதிவில் இல்லையென்றால் 45 நாளும் வருமானம் பூஜ்யம். அந்த நாட்களில் வியாபாரி முன்பணம் கொடுப்பார். ஜூனில் விலையை அவரே வைப்பார்.

## பாரை மாற்றி மாற்றி மூடுவது

நார்வேயில் பெரிய பழுப்புப் பாசிக் காடுகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் திறக்கிறார்கள். படித்தவுடன் இங்கேயும் செய்யலாம் என்று தோன்றும். அங்கே எடுப்பவை சில பெரிய கப்பல்கள், எந்தக் கப்பல் எங்கே இருக்கிறது என்று திரையில் பார்த்துக்கொள்ளலாம். இங்கே நூற்றுக்கணக்கான கைகள், சிறு படகுகள்.

தீவுகள் நான்கு தொகுப்புகளாக உள்ளன. மண்டபம் 7, கீழக்கரை 7, வேம்பார் 3, தூத்துக்குடி 4. இந்த ஆண்டு மண்டபம் தொகுப்பை மூடி கீழக்கரையைத் திற என்றால் சின்னப்பாலத்துப் பெண்கள் முள்ளித் தீவுக்கும் அப்பா தீவுக்கும் போக வேண்டும். டீசல் செலவு ஒருபக்கம், அந்தப் பாரை வழக்கமாக எடுக்கும் ஊரோடு சண்டை மறுபக்கம். எனவே சுழற்சி ஒரே தீவுக்குள் நடக்க வேண்டும். தீவைச் சுற்றிய பாரை மூன்று பாகமாக்கி, ஆண்டுக்கு ஒன்றை மூடுவது.

கோடு போடுவதுதான் கடினம். மிதவை போட்டால் அதன் நங்கூரம் பவளத்தை உடைக்கும். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் மிதவையே காணாமல் போகும். கரையிலோ தீவிலோ நிற்கும் இரண்டு அடையாளங்களை, ஒரு கோபுரமும் ஒரு பனையும் என்று வைத்துக்கொள்வோம், நேர்க்கோட்டில் வைத்து எல்லை சொல்வது எளிது. படகோட்டிகளுக்கு அது பழக்கமான முறை. ஆனால் பாரில் முங்கியிருக்கும் பெண்ணுக்கு அந்தக் கோடு தெரியாது. படகு நிற்கும் இடத்தை மட்டுமே கட்டுப்படுத்த முடியும்.

இன்னொரு ஆபத்து திறக்கும் நாளில் வருகிறது. ஓராண்டு வளர்ந்த பாசி, எல்லாப் படகும் அன்றே அங்கே. ஒரே ஓதத்தில் ஓராண்டு ஓய்வு கரைந்துவிடும். முதல் அமாவாசைக்குப் பாதிப் படகுகள், பௌர்ணமிக்கு மறுபாதி என்று சீட்டுப் போட்டுத் திறப்பது ஒரு தீர்வு.

ஒரு தீவை ஒரே ஊர் மட்டும் எடுக்கும் இடத்தில் நன்றாக ஓடும். மூன்று ஊர் வரும் தீவில் வேண்டாம்.

## அட்டையும் எடை வரம்பும்

ஆளுக்கு அடையாள அட்டை, ஊருக்கு இத்தனை டன் என்ற வரம்பு. அதிகாரிகளுக்கும் ஆய்வாளர்களுக்கும் பிடித்த வழி. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் காப்ஸ்குக் விரிகுடாவில் பாறைப் பாசிக்கு இது நடைமுறையில் உள்ளது. இருக்கும் பாசியில் ஆண்டுக்கு 17 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது, வெட்டும்போது அடியிலிருந்து 16 அங்குலம் விட்டுவிட வேண்டும்.

அந்த 17 சதவீதம் எதில் என்று தெரிய முதலில் மொத்தம் எவ்வளவு என்று அளக்க வேண்டும். பாரின் குறுக்கே 100 மீட்டர் கயிறு, பத்து மீட்டருக்கு ஒருமுறை அரை மீட்டர் சதுரச் சட்டம், அதற்குள் இருப்பதை இனவாரியாக வெட்டி நிறுப்பது. ஒரு தீவுக்கு இப்படிப் பல கயிறுகள், பருவம் தொடங்குமுன் ஒவ்வோர் ஆண்டும். இதை ஓராண்டு விட்டாலும் வரம்பு வெறும் ஊகம்.

உயர விதியும் இங்கே பாதிக்குத்தான் உதவும். கட்டக்கோரைக்கு ஒரு சாண் விட்டு அறு என்று சொல்லலாம். மரிக்கொழுந்து சில சென்டிமீட்டர் மட்டுமே வளரும் பாசி, அதற்கு உயரம் சொல்லிப் பயனில்லை.

எடையில்தான் ஓட்டைகள் அதிகம்:

- ஈர எடையா, காய்ந்த எடையா என்று விதி சொல்லாவிட்டால் ஒவ்வொருவர் கணக்கும் வேறு. காய்ந்ததை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும்.
- மண், சிப்பி, ஈரம் என்று வியாபாரி கழிவு பிடிப்பார். கழித்த எடையைப் பதிவேட்டில் எழுதினால் பாரிலிருந்து போனது குறைவாகத் தெரியும். மொத்த எடை, கழிவு, நிகர எடை என்று மூன்றையும் எழுத வேண்டும்.
- இரண்டாவது வியாபாரி ஒருவர் இருந்தால் பதிவேடு பாதிதான்.
- ஊருக்கு ஒரே வரம்பு என்றால், அது தீர்வதற்குள் தன் பங்கை எடுத்துவிட வேண்டும் என்ற ஓட்டம் தொடங்கும். அட்டைக்கு இத்தனை கிலோ என்று பிரித்தால் ஓட்டம் நிற்கும், அட்டை வாடகைக்குப் போகும்.

அட்டை மட்டும் தனியாக மிகவும் பயனுள்ளது. நாள் கணக்கில் இல்லாத ஆள் வரம்பை அது தருகிறது. படகுக்காரர் பெயருக்கோ கணவர் பெயருக்கோ கொடுக்காமல், இறங்கும் பெண்ணின் பெயருக்கே கொடுக்க வேண்டும்.

## மிதவை வளர்ப்புக்கு மாறுவது

பாரில் தானே வளரும் பாசியை விட்டுவிட்டு வளர்த்துக்கொள்ளலாமே என்பது கேட்க இனிமையானது. கணக்கும் நன்றாகத்தான் தொடங்குகிறது. 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, 20 கயிறு, கயிற்றுக்கு 20 துண்டு, துண்டுக்கு 150 கிராம் கப்பாபைகஸ் என்ற பாசி. ஒரு மிதவைக்கு 60 கிலோ விதை. மீன் கடிக்காமல் அடியில் பழைய வலை. பத்து மிதவைக்கு 15 கிலோ நங்கூரம் ஒன்று. 45 நாளில் சுமார் 260 கிலோ ஈரப்பாசி. மறு விதைக்கு 60 போக 200. காய்ந்தால் பத்தில் ஒன்று, 20 கிலோ. ஒருவரிடம் 45 மிதவை இருந்தால் நாளுக்கு ஒன்று அறுவடை. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீத மானியம் உண்டு.

இனி மறுபக்கம். கப்பாபைகஸ் வெளியிலிருந்து வந்த இனம். இந்தப் பகுதியில் வணிக வளர்ப்பு 2000-த்தை ஒட்டி பெப்சி நிறுவனத்தால் தொடங்கியதால் ஊரில் அதற்குப் பெயரே பெப்சிப் பாசி. முறிந்த துண்டு ஒன்று போதும், அதுவே புதுச் செடியாகும். குருசடைத் தீவின் பவளத்தில் அது படர்ந்து மூடியதை 2008-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பக்கத்துத் தீவுகளிலும் கண்டார்கள். வனத்துறை ஆள் வைத்துக் கையால் பிடுங்க வேண்டியதாயிற்று. 2005 அரசாணை, வளர்ப்பைப் பாக் விரிகுடாவின் வடபகுதிக்கும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் என்று ஒதுக்கியது இந்த அச்சத்தால்தான். 2013-14-ல் பாசி கொத்துக் கொத்தாக மடிந்ததில் பலர் கடனோடு நின்றார்கள்.

இதைவிடப் பெரிய தடை சந்தையில் இருக்கிறது. கப்பாபைகஸிலிருந்து எடுப்பது கராஜினன் என்ற வேறொரு கூழ்ப்பொருள். அகார் ஆலைக்கு மரிக்கொழுந்தோ கஞ்சிப் பாசியோதான் வேண்டும், ஆல்ஜினேட் ஆலைக்குக் கட்டக்கோரைதான். ஆயிரம் மிதவை மிதந்தாலும் தீவுப் பாசியின் தேவை அதனால் குறையாது. கஞ்சிப் பாசியை மிதவையில் வளர்த்தால் மட்டுமே இந்த வாதம் ஓரளவு நிற்கும். அது நம் கடல் இனம், படர்ந்து கெடுக்கும் பயம் இல்லை, ஆனால் வரும் பணம் குறைவு.

யார் வளர்ப்பது என்பதும் கேள்வி. பாக் விரிகுடா கச்சான் காலத்தில் அமைதி, மன்னார் பக்கம் அப்போது அலை மிதவையை உடைக்கும். எனவே மிதவை கிடைப்பது வடகரை ஊர்களுக்கு, தொழில் இழப்பது தென்கரை ஊர்களுக்கு. கூடுதல் வருமானம் என்ற அளவில் நல்லது. மாற்று என்று சொல்லி விற்க வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வழி | மீறல் தெரியுமா | பாருக்குப் பலன் | செலவு யாருக்கு | எங்கே பொருந்தும் |
|---|---|---|---|---|
| முழுத் தடை | ரோந்து இருந்தால் | அதிகம், கடைப்பிடித்தால் | பெண்களுக்கு | பவளத் திட்டு, வெளுப்பு ஆண்டு |
| நாள் கணக்கு | உடனே தெரியும் | நடுத்தரம் | ஓய்வு நாளில் பெண்களுக்கு | எல்லா ஊருக்கும் |
| சுழற்சி | கடினம் | அதிகம், திறப்பைச் சீர்செய்தால் | டீசல், ஊர்ச் சண்டை | ஒரு தீவு, ஓர் ஊர் |
| எடை வரம்பு | வியாபாரி நேர்மையைப் பொறுத்து | அளவெடுப்பைப் பொறுத்து | அரசுக்கு, ஆய்வுக்கு | வியாபாரி ஒருவரே உள்ள கரை |
| வளர்ப்பு | பொருந்தாது | நேரடிப் பலன் இல்லை | கடன் வாங்குபவருக்கு | பாக் விரிகுடாக் கரை |

## எங்கள் தேர்வு

நாள் கணக்கும் அட்டையும் சேர்ந்ததை அடித்தளமாக வைக்கலாம். ஒன்றில்லாமல் மற்றொன்று ஒழுகும். அதற்கு மேல், கரையில் செய்யக்கூடிய ஒரு சோதனை: சாக்கை அவிழ்த்துக் கல்லைப் பார்ப்பது. கிள்ளிய பாசியில் கல் இராது. அடியோடு பிடுங்கியதில் வெள்ளைப் பவளத் துண்டு ஒட்டியிருக்கும். சாக்குக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் கல் இருந்தால் அடுத்த ஆறு நாள் இறங்கக் கூடாது என்று ஊரே விதி போடலாம். இதற்கு விஞ்ஞானி தேவையில்லை. பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வருவதால், கல்லோடு பிடிபடுவது தனிக் குற்றம் என்பதையும் சொல்லி வைக்க வேண்டும்.

எடையை முதல் இரண்டு ஆண்டு வரம்பாக்காமல் பதிவாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஆள் எண்ணிக்கை மாறாமல், இறங்கிய நாளும் மாறாமல், ஒரு நாளின் காய்ந்த எடை ஆண்டுக்கு ஆண்டு குறைந்தால் பார் களைத்துவிட்டது என்று பொருள். அந்தத் தீவில் சுழற்சியைத் தொடங்க அதுவே நேரம்.

சட்டச் சிக்கல் இதனால் தீராது. ஊர் விதி எவ்வளவு நன்றாக ஓடினாலும் 35(6) அப்படியே இருக்கிறது. பூங்கா எல்லையை மாற்ற 35(5)-ன்படி தேசிய வாரியப் பரிந்துரை வேண்டும், அது நீண்ட பாதை. 2006 வன உரிமைச் சட்டம் நீர்நிலை விளைபொருள் மீதான சமூக உரிமையைப் பேசுகிறது, தேசியப் பூங்காவையும் விலக்கவில்லை. ஆனால் பழங்குடி அல்லாதவர் 75 ஆண்டு அங்கே வாழ்ந்து சார்ந்திருந்ததை நிரூபிக்க வேண்டும். கடலில் வாழ்ந்ததற்குச் சான்று எது என்பதில் மனு மாட்டிக்கொள்ளும். பூங்காவுக்கு வெளியே இருக்கும் பார்களுக்கு 36அ-வின் கீழ் வரும் பாதுகாப்புக் காப்பகம் நல்ல வடிவம். உள்ளூர் மக்களைக் கலந்துதான் அறிவிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 2022-ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரில் வந்த கடற்பசுக் காப்பகம் அந்தப் பிரிவில்தான் அறிவிக்கப்பட்டது.

எந்தப் பாதையில் போனாலும் முதலில் கேட்கப்படுவது பதிவேடுதான். தேதி, திதி, தீவு, இறங்கியவர் எண்ணிக்கை, இனம், மொத்த எடை, கழிவு, நிகர எடை, கல் இருந்ததா இல்லையா என்று ஒன்பது பத்திகள் போதும். வியாபாரியின் கணக்குப் புத்தகத்தில் இவற்றில் பாதி ஏற்கெனவே இருக்கிறது. மீதியை எழுத, எடை போடும் இடத்தில் படித்த பெண் ஒருவரைக் கூலிக்கு அமர்த்தி, அந்தக் கூலியைக் கிலோவுக்குச் சில காசு என்று வியாபாரியிடமே வாங்கிக்கொள்ளலாம்.